மூன்றாம் வகுப்பு வாசல்: மிசிசிப்பியின் வாசிப்புச் சட்டம் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

2013-ஆம் ஆண்டு அமெரிக்காவின் நான்காம் வகுப்பு மாணவர்களுக்கு நடந்த தேசிய வாசிப்பு மதிப்பீட்டில் மிசிசிப்பி மாநிலத்தின் சராசரி 209. நாட்டின் அரசுப் பள்ளிச் சராசரி 221. மாநிலங்களின் வரிசையில் மிசிசிப்பிக்குக் கிடைத்தது 49-ஆவது இடம். 2024-இல் அதே மதிப்பீட்டில் மிசிசிப்பி 219 பெற்றது. நாட்டுச் சராசரியோ 214-க்கு இறங்கியிருந்தது. வரிசையில் மிசிசிப்பி ஒன்பதாவது. குழந்தை வறுமையில் நாட்டின் மிக மோசமான மாநிலங்களுள் ஒன்றாக எப்போதும் எண்ணப்படும், பள்ளிக்குச் செலவிடும் தொகையிலும் கடைசி வரிசையில் நிற்கும் ஒரு மாநிலத்தில் பதினோரு ஆண்டுகளில் இந்த மாற்றம் நேர்ந்திருக்கிறது. அண்டை மாநிலங்களான அலபாமாவிலும் ஆர்கன்சாவிலும் ஏதேனும் பட்டியலில் தாங்கள் கடைசிக்கு முந்தைய இடத்தில் நின்றால், "நல்லவேளை, மிசிசிப்பி இருக்கிறது" என்று சொல்லிச் சிரிப்பது நெடுநாள் வழக்கம்.

இதை அற்புதம் என்று பத்திரிகைகள் எழுதின. புள்ளிவிவர வித்தை என்று வேறு சிலர் எழுதினர். இரண்டுமே விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடும் விளக்கங்கள் என்பதுதான் அவற்றின் கவர்ச்சி. நடந்ததைச் சற்று நிதானமாகப் பார்த்தால், மூன்றாம் வகுப்பில் தேறாத குழந்தையை அதே வகுப்பில் நிறுத்தி வைக்கும் விதி முதலில் மாற்றியது குழந்தைகளை அல்ல, பெரியவர்களை என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்த மாற்றத்துக்குப் பின்னால் பத்தாண்டுக் காலம் இடைவிடாமல் நடந்த சலிப்பூட்டும் நிர்வாக வேலை ஒன்று உண்டு. பிற மாநிலங்கள் நகலெடுக்கத் தயங்குவது விதியை அல்ல, அந்த வேலையைத்தான்.

சட்டத்துக்கு முன்

மிசிசிப்பியின் பள்ளிக்கல்வி வரலாறு நிறவெறியின் வரலாற்றிலிருந்து பிரிக்க முடியாதது. வெள்ளையரும் கறுப்பரும் தனித்தனிப் பள்ளிகளில் படிப்பது அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று 1954-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அதற்கு எதிர்வினையாகக் கட்டாயக் கல்விச் சட்டத்தையே இம்மாநிலம் 1956-இல் நீக்கியது. ஆளுநர் வில்லியம் வின்டரின் காலத்தில், 1982-ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தச் சட்டத்தின் வழியாகத்தான் அரசுச் செலவில் மழலையர் வகுப்பு மாநிலம் முழுவதற்கும் வந்தது. ஏனைய மாநிலங்கள் பெரும்பாலும் முன்பே பெற்றிருந்ததை மிசிசிப்பி மிகப் பிந்தியே பெற்றது.

2000-ஆம் ஆண்டில் இணைய உலாவி நிறுவனமான நெட்ஸ்கேப்பின் முன்னாள் தலைவரும் மிசிசிப்பிக்காரருமான ஜிம் பார்க்ஸ்டேலும் அவருடைய மனைவி சேலியும் மாநிலக் குழந்தைகளின் வாசிப்புக்காக 10 கோடி டாலர் அளித்தனர். அதிலிருந்து உருவான பார்க்ஸ்டேல் வாசிப்பு நிறுவனம் தொடக்கத்தில் பள்ளிகளுக்கு நேரடியாக உதவிப் பார்த்தது. பின்னர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளின் பாடத்திட்டத்தை ஆராய்ந்து, எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பை எப்படிக் கற்பிப்பது என்பதற்கு வருங்கால ஆசிரியர்களின் படிப்பில் அற்ப நேரமே ஒதுக்கப்படுகிறது என்று கண்டது. இந்தப் பின்னணியை விட்டுவிட்டு 2013-இலிருந்து கதையைத் தொடங்குபவர்கள், பதின்மூன்று ஆண்டுகள் நடந்த முன்னேற்பாட்டைக் கணக்கில் சேர்க்காமல் விடுகிறார்கள்.

நாட்டளவில் அப்போது நிலவிய சூழலையும் சொல்ல வேண்டும். ஒலிகளையும் எழுத்துகளையும் முறைப்படி இணைத்துக் கற்பிக்கும் ஃபோனிக்ஸ் முறைக்கு வலுவான சான்று இருப்பதாகத் தேசிய வாசிப்புக் குழு 2000-இல் அறிக்கை அளித்தது. அதையொட்டி, அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷின் ஆட்சியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 100 கோடி டாலர் செலவில் கூட்டாட்சி வாசிப்புத் திட்டம் ஒன்று நடந்தது. 2008-இல் வந்த அதன் மதிப்பீடு, வாசித்துப் பொருள் உணரும் திறனில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் எதுவும் இல்லை என்று சொன்னதோடு அத்திட்டம் ஒடுங்கியது. நல்ல ஆராய்ச்சியும் நிறைய பணமும் இருந்தும் வகுப்பறை மாறவில்லை என்ற இந்தத் தோல்விக்குப் பிறகுதான் மிசிசிப்பி களத்தில் இறங்கியது.

சட்டமும் பணமும்

2013-இல் ஆளுநர் ஃபில் பிரையன்ட் கையெழுத்திட்ட வாசிப்பு அடிப்படையிலான வகுப்பு உயர்வுச் சட்டம், ஜெப் புஷ் ஆளுநராக இருந்தபோது ஃபுளோரிடா 2002-இல் கொண்டுவந்த விதிகளை முன்மாதிரியாகக் கொண்டது. மூன்றாம் வகுப்பின் இறுதியில் வாசிப்புத் தேர்வு. தேறாதவர்களுக்கு மேலும் இரண்டு வாய்ப்புகள். அப்போதும் தேறாவிட்டால் நான்காம் வகுப்புக்குப் போக முடியாது. ஆங்கிலம் கற்கத் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகாத குழந்தைகள், சில வகை மாற்றுத்திறனாளிக் குழந்தைகள், ஏற்கெனவே நிறுத்தி வைக்கப்பட்டுத் தீவிரப் பயிற்சி பெற்றவர்கள் ஆகியோருக்கு விலக்கு உண்டு. மிசிசிப்பியில் இந்தத் தேர்வை மூன்றாம் வகுப்பு வாசல் என்றே அழைக்கிறார்கள்.

செய்திகளில் இடம்பிடித்தது இந்த வாசல்தான். ஆனால் சட்டத்தின் பெரும்பகுதி வாசலுக்கு முந்தைய நான்கு ஆண்டுகளைப் பற்றியது. மழலையர் வகுப்பிலிருந்தே ஒவ்வொரு குழந்தையின் வாசிப்பும் ஆண்டில் மூன்று முறை சோதிக்கப்பட வேண்டும். பின்தங்கிய குழந்தையின் பெற்றோருக்கு உடனே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அக்குழந்தைக்கெனத் தனித் திட்டம் வகுக்க வேண்டும். நிறுத்தி வைக்கப்பட்ட குழந்தைக்கு அந்த ஆண்டில் தினமும் குறைந்தது 90 நிமிடம் வாசிப்புப் பயிற்சி அளிக்க வேண்டும். அதை நடத்துபவர் திறன் நிரூபித்த ஆசிரியராக இருக்க வேண்டும். அதே 2013-இல் இயற்றப்பட்ட வேறொரு சட்டம், மாநில நிதியில் மழலையர் வகுப்புக்கு முந்தைய கல்வியைச் சிறிய அளவில் தொடங்கி வைத்தது. பள்ளிகளுக்கு அ முதல் உ வரை தரம் போடுவது போன்ற ஐந்து படி மதிப்பீட்டு முறையில், கடைசிக் கால்பங்கு மாணவர்களின் முன்னேற்றம் தனியாகவும் எண்ணப்பட்டது. ஆகவே, கடைசி பெஞ்சுக் குழந்தையைக் கைவிட்டால் பள்ளியின் தரமே இறங்கும்.

வாசிப்புச் சட்டத்துக்கு முதலாண்டில் ஒதுக்கப்பட்டது 95 லட்சம் டாலர். பின்னர் ஆண்டுக்குச் சுமார் 1.5 கோடி. நியூயார்க் போன்ற பெரிய மாநிலங்களின் கல்விச் செலவோடு ஒப்பிட்டால் இது சில்லறை. இதன் பெரும்பங்கு போனது இரண்டு வேலைகளுக்கு: ஏற்கெனவே பணியில் இருந்த ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி, மோசமான நிலையில் இருந்த பள்ளிகளுக்கு வாசிப்புப் பயிற்றுநர்கள். 2013 நவம்பரில் மாநிலக் கல்விக் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்ற கேரி ரைட், 2022-இல் ஓய்வு பெறும்வரை அதே பதவியில் இருந்தார். அமெரிக்க மாநிலங்களில் இந்தப் பதவியில் ஒருவர் இவ்வளவு ஆண்டுகள் நீடிப்பது அரிது. ஆளுநர் மாறினார், சட்டமன்றம் மாறியது, பெருந்தொற்று வந்து போனது, திட்டம் மாறவில்லை. ஆய்வுக் கட்டுரைகளில் இந்தத் தொடர்ச்சிக்கு ஒரு புள்ளியியல் மாறி வைத்துக் கணக்கிட முடியாது என்பதாலேயோ என்னவோ, இது உரிய கவனம் பெறுவதில்லை.

வகுப்பறையில் என்ன மாறியது

அமெரிக்கத் தொடக்கப் பள்ளிகளில் பரவலாக இருந்த பழைய முறையில், படப்புத்தகம் வைத்திருக்கும் குழந்தை தெரியாத சொல்லை எதிர்கொண்டால் ஆசிரியர் மூன்று வழிகளைக் காட்டுவார்: படத்தைப் பார், வாக்கியத்துக்கு எது பொருந்தும் என்று யோசி, முதல் எழுத்தைக் கவனி. தண்ணீரில் மிதக்கும் ஒன்றின் படத்துக்குக் கீழே 'ஷிப்' என்று அச்சிட்டிருப்பதை ஒரு குழந்தை 'போட்' என்று படித்தால், பொருள் ஏறத்தாழ சரிதானே என்று ஆசிரியர் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். குழந்தை வாசித்ததாகத் தோன்றும். உண்மையில் அது ஊகித்திருக்கிறது. முதல் இரண்டு வகுப்புகளில் இந்த ஊகம் பலிக்கும். மூன்றாம் வகுப்பில் படங்கள் குறைந்து, எரிமலை பற்றியோ உள்நாட்டுப் போர் பற்றியோ நீண்ட பத்திகள் வரும்போது ஊகிக்க எதுவும் இருக்காது.

புதிய முறையில் அதே ஆசிரியர் அந்தச் சொல்லை மூன்று ஒலிகளாகப் பிரித்துச் சொல்லச் சொல்வார். முதல் ஒலிக்கு இரண்டு எழுத்துகள் என்பதை விரலால் காட்டுவார்; பிறகு ஒலிகளைச் சேர்த்துப் படிக்க வைப்பார்; அதே ஒலி வரும் வேறு நான்கு சொற்களை எழுத வைப்பார். ஆங்கில எழுத்துக்கூட்டல் குழப்பமானது என்பது உண்மை, ஆனால் விதியே இல்லாதது அல்ல. அந்த விதிகளை ஆசிரியர்களே முறையாகக் கற்றிருக்கவில்லை என்பதுதான் சிக்கலாக இருந்தது. மிசிசிப்பி 2014 முதல் தன் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களை 'லெட்டர்ஸ்' என்ற பயிற்சியில் சேர்த்தது. லூயிசா மோட்ஸ், கேரல் டோல்மன் ஆகியோர் உருவாக்கிய அந்தப் பயிற்சியில், மொழியின் ஒலியமைப்பு, எழுத்துக்கூட்டல், சொல்வளம், பொருளுணர்வு ஆகியவற்றை ஆசிரியர்கள் மாணவர்களைப் போல அமர்ந்து படிக்க வேண்டும். இருபது ஆண்டு அனுபவமுள்ளவர்களும் அதில் அமர்ந்தார்கள். 2016 முதல் தொடக்கக் கல்வி ஆசிரியர் உரிமம் கோருபவர்கள், வாசிப்பின் அடிப்படைகள் பற்றிய தனித் தேர்விலும் தேற வேண்டியிருந்தது.

பயிற்சி வகுப்பில் கேட்டது பள்ளிக்குள் வருவதற்குள் கரைந்துவிடும் என்பது எந்த நாட்டு ஆசிரியருக்கும் தெரிந்த சங்கதி. அதற்காகத்தான் பயிற்றுநர்கள். இவர்களைத் தேர்ந்தெடுத்ததும் அனுப்பியதும் அந்தந்த வட்டாரப் பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டங்கள் அல்ல, மாநிலக் கல்வித் துறை. மாநிலத்தின் வாசிப்புத் துறை இயக்குநராக இருந்த கிம்யோனா பர்க் இந்தப் பணியை நடத்தினார். எந்தப் பள்ளிக்குப் பயிற்றுநர் போக வேண்டும் என்பதை அப்பள்ளி மாணவர்களின் மதிப்பெண்ணே தீர்மானித்தது. பயிற்றுநர் ஆசிரியருக்கு மதிப்பெண் போட்டு மேலிடத்துக்கு அறிக்கை அனுப்புபவர் அல்லர். வகுப்பில் உட்கார்ந்து கவனிப்பார், வேண்டுமானால் தானே அரைமணி நேரம் பாடம் எடுத்துக் காட்டுவார், பிறகு இருவரும் உட்கார்ந்து குழந்தைகளின் சோதனைத் தாள்களைப் பார்ப்பார்கள். எந்தக் குழந்தை எந்த ஒலியில் தடுமாறுகிறது என்பதுதான் பேச்சு. இதில் புரட்சி எதுவும் இல்லை.

எண்கள் மீதான வழக்கு

2019-இல் மிசிசிப்பியின் நான்காம் வகுப்பு வாசிப்பு முதல்முறையாக நாட்டுச் சராசரியான 219-ஐத் தொட்டது. அந்த ஆண்டு அப்பாடத்தில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்ட ஒரே மாநிலம் அதுதான். அப்போதே ஐயம் எழுந்தது. 2023-இல் பத்திரிகையாளர் கெவின் டிரம்மும், லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் பத்தி எழுத்தாளர் மைக்கேல் ஹில்ட்சிக்கும் அதை உரக்கக் கேட்டனர். மோசமாகப் படிக்கும் குழந்தைகளை மூன்றாம் வகுப்பிலேயே பிடித்து வைத்துக்கொண்டால் நான்காம் வகுப்பின் சராசரி தானாக உயராதா? 2025-இல் புள்ளியியலாளர் ஹோவர்டு வெய்னரும் இரு சக ஆய்வாளர்களும் இதே வாதத்தைக் கணக்குகளோடு முன்வைத்தனர். வரிசையின் கீழ்நுனியை வெட்டியெறிந்தால் எந்த வரிசையின் சராசரியும் ஏறும் என்பது அவர்கள் வாதத்தின் சாரம்.

தள்ளிவிடக்கூடிய கேள்வி அல்ல இது. சில ஆண்டுகளில் மூன்றாம் வகுப்பு மாணவர்களில் பத்துக்கு ஒருவர் என்ற அளவை ஒட்டிய விகிதத்தில் மிசிசிப்பி நிறுத்தி வைத்திருக்கிறது. நாட்டில் இது மிக உயர்ந்த விகிதங்களுள் ஒன்று. ஆனாலும் இந்த வாதம் முழு மாற்றத்தையும் விளக்கும் என்று ஏற்க எனக்கு மூன்று தடைகள் உண்டு.

முதலாவது, நிறுத்தி வைக்கப்பட்ட குழந்தை மறைந்துபோவதில்லை. அடுத்த ஆண்டு அவன் நான்காம் வகுப்புக்கு வருகிறான். அப்போது மதிப்பீட்டின் மாதிரியில் அவனுக்கும் இடம் உண்டு. விதி நடைமுறைக்கு வந்த முதல் ஆண்டில் மட்டுமே நான்காம் வகுப்பில் ஆள் குறையும். அதன்பின் ஒவ்வொரு ஆண்டும், அந்த ஆண்டு நின்றவர்களுக்குப் பதிலாக முந்தைய ஆண்டு நின்றவர்கள் வந்து சேர்வார்கள். எனவே நடப்பது வெட்டு அல்ல; ஒரு பகுதிக் குழந்தைகள் ஓராண்டு கூடுதலாகப் படித்துவிட்டுத் தேர்வெழுதுகிறார்கள். அது நியாயமான ஒப்பீடா என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். வகுப்பை வைத்து ஒப்பிடாமல் வயதை வைத்து ஒப்பிட்டால் மிசிசிப்பியின் முன்னிலை ஓரளவு குறையவே செய்யும். ஆனால் 2013-க்கு முன்பும் மிசிசிப்பி தன் குழந்தைகளை, குறிப்பாக மழலையர் வகுப்பிலும் முதல் வகுப்பிலும், மற்ற மாநிலங்களைவிட அதிகமாக நிறுத்தி வைத்துவந்த மாநிலம் என்பதை மறந்துவிடக் கூடாது. நிறுத்தி வைப்பதாலேயே மதிப்பெண் கூடுமென்றால் அது முன்பே கூடியிருக்க வேண்டும்.

இரண்டாவது, காலவரிசை. வாசல் தேர்வு முதன்முதலாக நடந்தது 2015 வசந்த காலத்தில். 2015-க்கான தேசிய மதிப்பீடோ அந்த ஆண்டின் தொடக்க மாதங்களிலேயே முடிந்துவிட்டது. அதை எழுதிய நான்காம் வகுப்பு மாணவர் ஒருவர்கூட வாசலைச் சந்தித்தவர் அல்லர். ஆயினும் மிசிசிப்பியின் சராசரி 209-இலிருந்து 214-க்கு ஏறியிருந்தது. பின்னர் 2017-இல் 215, 2019-இல் 219. மொத்த ஏற்றத்தில் பாதி வாசல் திறப்பதற்கு முன்பே வந்துவிட்டது. வரப்போகும் விதியை எண்ணிச் சில பள்ளிகள் முன்கூட்டியே நிறுத்தி வைக்கத் தொடங்கியிருக்கலாம் என்று எதிர்வாதம் செய்யலாம். அதுவும் பெரியவர்களின் நடத்தை மாறியதற்கான சான்றாகவே எனக்குப் படுகிறது.

மூன்றாவது, மேல்முனை. இந்த மதிப்பீட்டில் 'தேர்ச்சி' நிலை என்பது சாதாரணமாக வகுப்புக்கு ஏற்ற வாசிப்பைவிட உயரமான அளவுகோல். அதை எட்டிய மிசிசிப்பி மாணவர்கள் 2013-இல் 21 விழுக்காடு. 2019-இலும் 2024-இலும் 32 விழுக்காடு. கீழேயுள்ள பத்து விழுக்காட்டினரை முற்றிலும் நீக்கிவிட்டதாகவே வைத்துக்கொண்டு வகுத்துப் பார்த்தாலும், 21 என்பது 23-ஐச் சற்றுத் தாண்டுமே தவிர 32 ஆகாது. கடைசிக் குழந்தைகளை ஒளித்து வைப்பதால் முன்வரிசைக் குழந்தைகளின் எண்ணிக்கை கூடிவிடாது.

அதேநேரம், மிசிசிப்பியைக் கொண்டாடுபவர்கள் தரவரிசையை ஏந்திக்கொண்டு ஓடுவதும் சரியல்ல. இந்த மதிப்பீடு மாதிரியெடுத்து நடத்தப்படுவது; எந்தக் குழந்தையும் முழுத் தேர்வையும் எழுதுவதில்லை, தனி மாணவருக்கு மதிப்பெண்ணும் கிடையாது. ஒன்றிரண்டு புள்ளி வேறுபாடு மாதிரியின் பிழைக்குள் அடங்கிவிடும். 2022-இன் 217-க்கும் 2024-இன் 219-க்கும் இடையிலான ஏற்றத்தை முன்னேற்றம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஒன்பதாம் இடமும் அப்படித்தான். மிசிசிப்பி 2019-இல் எட்டிய உயரத்தைத் தக்கவைத்துக்கொண்டதும், மற்றவர்கள் சரிந்ததும் சேர்ந்து தந்த இடம் அது. வறுமை, இனம் போன்றவற்றைச் சமன்செய்து பார்க்கும் அர்பன் இன்ஸ்டிடியூட் என்ற ஆய்வு நிறுவனத்தின் கணக்கில் 2024-ஆம் ஆண்டின் நான்காம் வகுப்பு வாசிப்பில் மிசிசிப்பிக்கு முதலிடம் கிடைக்கிறது. அந்தச் சமன்பாட்டில் எதைச் சேர்ப்பது என்பதும் ஆய்வாளரின் தேர்வுதான். ஆனாலும் அதே சமன்பாட்டில் பணக்கார மாநிலங்கள் பல பின்னுக்குப் போவது கவனிக்க வேண்டியது.

நின்ற குழந்தைக்கு என்ன ஆகிறது

ஒன்பது வயதுக் குழந்தை கணினி முன் அமர்ந்து எழுதும் ஒரு தேர்வு, அவனுடைய நண்பர்கள் எல்லாரும் போகும் வகுப்புக்கு அவன் போவானா என்பதைத் தீர்மானிக்கிறது. 2015-இல் முதல் முயற்சியிலேயே ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் தேறினர். 2018-இல் அது 90-ஐத் தாண்டியது. 2019-இல் தேர்ச்சிக்கான வரம்பு ஒரு படி உயர்த்தப்பட்டதும் முதல் முயற்சித் தேர்ச்சி சுமார் 75 விழுக்காட்டுக்கு விழுந்தது. நான்கில் ஒரு குடும்பம் அந்த வசந்த காலத்தை எப்படிக் கழித்திருக்கும் என்பதை எந்தப் புள்ளிவிவரமும் சொல்லாது.

பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் கர்ஸ்டன் ஸ்லங்கார்டு முமாவும் மார்கஸ் வின்டர்ஸும் 2023-இல் வெளியிட்ட ஆய்வு, முதல் ஆண்டு வாசலில் மயிரிழையில் தேறியவர்களையும் மயிரிழையில் தேறாதவர்களையும் ஒப்பிட்டது. வரம்புக்கு ஒரு மதிப்பெண் மேலும் கீழும் இருக்கும் குழந்தைகள் மற்ற எல்லாவற்றிலும் ஒத்தவர்களே என்ற அடிப்படையில் அமைந்த இந்த ஒப்பீடு, இத்துறையில் கிடைக்கும் நம்பகமான முறைகளுள் ஒன்று. நிறுத்தி வைக்கப்பட்டவர்கள் ஆறாம் வகுப்பை அடைந்தபோது ஆங்கில மொழிப்பாடத்தில் மிகப் பெரிய முன்னேற்றம் காட்டினர். பயனில் பெரும்பங்கு கறுப்பின, ஹிஸ்பானிக் (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) குழந்தைகளுக்குச் சேர்ந்தது. வருகைப் பதிவில் பாதிப்பு தெரியவில்லை. ஆனால் இங்கும் ஆறாம் வகுப்பை ஆறாம் வகுப்போடு ஒப்பிடுவதால், நின்றவர் ஓராண்டு மூத்தவர், ஓராண்டு கூடுதலாகப் படித்தவர். அந்தச் சலுகையைக் கழித்தால் எவ்வளவு மிஞ்சும் என்பது திறந்த கேள்வியாகவே இருக்கிறது.

வேறு மாநிலங்களின் நீண்டகால ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. ஃபுளோரிடாவில் மூன்றாம் வகுப்பில் நின்றவர்களுக்குத் தொடக்கத்தில் கிடைத்த பெரிய பயன் ஆண்டுகள் செல்லச் செல்லத் தேய்ந்தது. உயர்நிலைப் பள்ளி முடிப்பதில் கூடுதலோ குறைவோ இல்லை. ஆனால் உயர்நிலைப் பள்ளி மதிப்பெண்கள் சற்று மேம்பட்டிருந்தன. டெக்சாஸில் மூன்றாம் வகுப்பில் நின்றவர்களை வளர்ந்த வயதுவரை பின்தொடர்ந்த ஆய்வு, பள்ளிப் படிப்பை முடித்தவர்களின் விகிதமும் பிற்கால வருமானமும் குறைந்ததாகக் கண்டது. லூயிசியானாவில் எட்டாம் வகுப்பில் நிறுத்தப்பட்டவர்கள் பிற்காலத்தில் குற்றத் தண்டனை பெறும் வாய்ப்பு கூடியது. பிள்ளை வளர வளர நிறுத்தி வைப்பதன் சேதம் கூடுகிறது என்பதில் மட்டும் ஓரளவு உடன்பாடு உண்டு. மிசிசிப்பியின் முதல் வாசல் குழுவினர் இப்போதுதான் இருபது வயதை எட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய வேலை, வருமானம் பற்றிய கணக்கு வர இன்னும் காலம் பிடிக்கும். அதற்குள் தீர்ப்பு எழுதுபவர்கள், இரு தரப்பிலும், அவசரப்படுகிறார்கள்.

நகல்கள்

மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜான் வெஸ்டாலும் ஏமி கம்மிங்ஸும் நாடெங்கும் உள்ள தொடக்க வாசிப்புச் சட்டங்களை ஒப்பிட்டனர். மதிப்பெண் ஏற்றம் பெரும்பாலும் நிறுத்தி வைக்கும் விதியையும் உள்ளடக்கிய முழுத் தொகுப்புச் சட்டங்கள் கொண்ட மாநிலங்களிலேயே தெரிந்தது. மாநிலங்களின் சொந்தத் தேர்வுகளில் ஏற்றம் அதிகமாகவும், யாருக்கும் விளைவு எதுவுமில்லாத தேசிய மதிப்பீட்டில் குறைவாகவும் இருந்தது. விதியின் மிரட்டல் வேலை செய்கிறது என்பதற்கு இது சான்று. தேர்வுக்காகவே தயார் செய்யும் பழக்கமும் ஓரளவு கலந்திருக்கிறது என்பதற்கும் இதுவே சான்று.

விதி மட்டும் போதும் என்று எண்ணுபவர்களுக்கு வட கரோலினாவைக் காட்டலாம். மிசிசிப்பிக்கு ஓராண்டு முன்பே, 2012-இல், அங்கேயும் ஃபுளோரிடாவைப் பார்த்துச் சட்டம் வந்தது. மூன்றாம் வகுப்புக் கட்டுப்பாடு இருந்தது, கோடைக்கால வகுப்பு இருந்தது, பணமும் செலவானது. சில ஆண்டுகள் கழித்து அம்மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்து பார்த்தபோது பயன் எதுவும் தென்படவில்லை. ஆசிரியர்கள் கற்பிக்கும் முறையை மாற்றும் பெருமுயற்சி அங்கே இல்லை. மாவட்டங்கள் தத்தம் விருப்பப்படி செய்துகொண்டன. 2021-இல் சட்டத்தைத் திருத்தி, மிசிசிப்பியில் நடந்த அதே ஆசிரியர் பயிற்சியை வட கரோலினா பின்னர் கொண்டுவந்தது. மிச்சிகனோ 2016-இல் கொண்டுவந்த நிறுத்தி வைக்கும் விதியை 2023-இல் நீக்கிவிட்டது. அங்கே விலக்குகள் தாராளமாக வழங்கப்பட்டதால் உண்மையில் நின்றவர்கள் மிகச் சிலரே.

அலபாமாவும் லூயிசியானாவும் மிசிசிப்பியின் பாதையை ஏறக்குறைய முழுமையாகப் பின்பற்றியவை. 2024 மதிப்பீட்டில் நான்காம் வகுப்பு வாசிப்பில் 2019-ஐக் குறிப்பிடத்தக்க அளவில் தாண்டிய ஒரே மாநிலம் லூயிசியானா. கலிபோர்னியா நெடுநாள் தயங்கிவிட்டு, 2025 அக்டோபரில்தான் ஆசிரியர் பயிற்சிக்கும் பாடநூல் மாற்றத்துக்குமான சட்டத்தை நிறைவேற்றியது. அதில் கட்டாயம் குறைவு, ஊக்கம் அதிகம். நிறுத்தி வைக்கும் விதி இல்லவே இல்லை. விதியின்றியே பெரியவர்களின் நடத்தை மாறுமா என்பதற்கு அது ஒரு சோதனையாக அமையும்.

எட்டாம் வகுப்பு

இந்த வழக்கில் மிசிசிப்பிக்கு எதிரான மிக வலுவான சான்று நான்காம் வகுப்பில் இல்லை. எட்டாம் வகுப்பு வாசிப்பில் மாநிலத்தின் சராசரி 2013-இல் 253, 2024-இலும் 253. இடையில் 2019-இல் 256-ஐத் தொட்டு மீண்டும் இறங்கியது. நாட்டுச் சராசரி அதே காலத்தில் 266-இலிருந்து 257-க்கு விழுந்ததால் இடைவெளி சுருங்கியிருக்கிறதே தவிர, மிசிசிப்பியின் பதின்மூன்று வயதினர் முன்பைவிட நன்றாக வாசிக்கிறார்கள் என்று இந்த எண்ணைக் கொண்டு சொல்ல முடியாது.

ஆதரவாளர்கள் இரண்டு விளக்கங்கள் தருகிறார்கள். எல்லா மாநிலங்களும் சரிந்த காலத்தில் சரியாமல் நின்றதே ஒரு சாதனை என்பது ஒன்று. அதில் நியாயம் உண்டு. பெருந்தொற்று இடையில் வந்தது என்பது மற்றொன்று. அது எல்லாருக்கும்தான் வந்தது. எனக்குப் பொருத்தமாகத் தோன்றும் விளக்கம் வாசிப்பு ஆராய்ச்சிக்குள்ளேயே இருக்கிறது. எழுத்தை ஒலியாக்கும் திறனும், கேட்டால் புரிந்துகொள்ளும் மொழியறிவும் ஒன்றையொன்று பெருக்கி வருவதே வாசிப்பு என்று ஃபிலிப் கஃபும் வில்லியம் டன்மரும் 1986-இல் எழுதினர். முதல் திறனைச் சில ஆண்டுகளில் கற்பித்து முடிக்கலாம். இரண்டாவதற்கு முடிவே இல்லை. அது வரலாறு, அறிவியல், இலக்கியம், வீட்டில் நடக்கும் பேச்சு ஆகியவற்றின் வழியாகப் பல ஆண்டுகளில் சேர்வது. பேஸ்பால் ஆட்டம் பற்றிய பத்தியைப் படிக்கக் கொடுத்தபோது, வாசிப்பில் பலவீனமான, ஆனால் ஆட்டம் தெரிந்த மாணவர்கள், நன்றாக வாசிக்கும், ஆனால் ஆட்டம் தெரியாதவர்களைவிடக் கூடுதலாகப் புரிந்துகொண்டதை 1988-இல் வெளியான ரெக்ட், லெஸ்லி ஆய்வு காட்டியது. மிசிசிப்பியின் சட்டமும் பயிற்றுநர்களும் பணமும் மூன்றாம் வகுப்போடு ஏறத்தாழ நின்றுவிட்டன. நான்காம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை என்ன படிக்க வேண்டும் என்பது வேறு சட்டம், வேறு செலவு, வேறு சண்டை. அமெரிக்காவில் வரலாற்றுப் பாடத்தில் எதைச் சேர்ப்பது என்று தொடங்கினால் அது ஃபோனிக்ஸ் சண்டையைவிடப் பெரிதாக வெடிக்கும்.

இவை எல்லாவற்றையும் அளக்கும் கருவிக்கே இப்போது ஆபத்து வந்திருக்கிறது. 2025 பிப்ரவரியில் கூட்டாட்சிக் கல்வித் துறையின் ஆராய்ச்சிப் பிரிவுக்கான ஒப்பந்தங்கள் பெருமளவில் ரத்து செய்யப்பட்டன. மார்ச்சில் துறைப் பணியாளர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் நீக்கப்பட்டனர். தேசிய மதிப்பீட்டை நடத்தும் கல்விப் புள்ளிவிவர மையத்தில் ஒரு கைவிரல்களுக்குள் எண்ணிவிடக்கூடிய சிலரே மிஞ்சினர். கல்வியை மாநிலங்களிடமே விட்டுவிட வேண்டும் என்று வாதிடுபவர்கள் அதற்கு மிசிசிப்பியையே எடுத்துக்காட்டுகிறார்கள். மிசிசிப்பியின் சொந்தத் தேர்வு மட்டுமே இருந்திருந்தால் அந்த மாநிலம் முன்னேறியது என்று வெளியார் ஒருவரும் நம்பியிருக்க மாட்டார்கள் என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. வாசிப்பிலும் கணிதத்திலும் நான்காம், எட்டாம் வகுப்புகளுக்கான முதன்மை மதிப்பீடு இதுவரை வெட்டுக்குத் தப்பியிருக்கிறது. 2024-க்கு அடுத்த சுற்று 2026-இன் தொடக்க மாதங்களுக்கு எனத் திட்டமிடப்பட்டது. 2022-இல் நான்காம் வகுப்பில் நாட்டுச் சராசரியைவிட ஒரு புள்ளி கூடுதலாக எடுத்த மிசிசிப்பிக் குழந்தைகளின் தலைமுறை அந்தச் சுற்றில் எட்டாம் வகுப்பில் இருக்கும்.